வாக்கில்லாதவர்களின் நன்கொடை

பலெர்மோவில் எனக்கு ஒருநாளும் வாக்கு இருந்ததில்லை. ஆனால் அந்த ஊர் மனிதர் ஒருவரைச் சிசிலியின் சட்டசபைக்கு அனுப்பிவைத்த செலவில் என் சம்பளமும் இருந்தது. விரும்பிக் கொடுத்த காசு அல்ல அது. அந்தக் காசைப் பற்றி நினைக்கும்போது இன்றைக்கும் என் கழுத்து சூடாகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வியா மக்வேதா என்ற பெரிய தெருவுக்குப் பின்னால், எதிரே ஒருவர் வந்தால் மற்றவர் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டிய ஒரு சந்தில், மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். என் கணவர் வசதியான ஒரு வீட்டில் நடக்கமுடியாத ஒரு கிழவரைப் பராமரிக்கும் வேலை செய்தார். நான் துப்புரவுக் கொம்பனி ஒன்றில் இருந்தேன். பிராந்திய அரசின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றைச் சுத்தம் செய்யும் கொந்தராத்து எங்கள் கொம்பனியிடம் இருந்தது. விடிந்ததும் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு முன்னால், பஸ்கள் வந்து திரும்பும் இடத்தில், கொம்பனி வான் எங்களுக்காக நிற்கும்.

வானை ஓட்டியவரும் எங்களைப் போல யாழ்ப்பாணத்து ஆள். எங்கள் எல்லாருக்கும் முன்பே இத்தாலிக்கு வந்தவர். கொம்பனியில் இருந்த தமிழ்ப் பெண்கள் அத்தனை பேரையும் முதலாளியிடம் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டவர் அவர்தான். நாங்கள் அவரை அண்ணை என்று கூப்பிடுவோம். முதலாளி சொல்வதை எங்களுக்குத் தமிழில் சொல்வதும், நாங்கள் சொல்வதை முதலாளிக்கு இத்தாலிய மொழியில் சொல்வதும் அவர் வேலை. இரண்டு பக்கமும் கோபிக்காதபடி வார்த்தைகளை வழுவழுப்பாக்கிவிடுவார்.

ஆஸ்பத்திரியில் என்னோடு ஒரே மாடியில் வேலை செய்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி மொரீஷியஸ்காரி. அவளுடைய பாட்டன் பூட்டன் தமிழர்கள். அவளுக்குத் தமிழில் தெரிந்தது தைப்பூசத்தில் பாடும் இரண்டு வரிகள் மட்டும். மற்றவள் பலெர்மோக்காரி, ஊர் ஓரத்து ஏழைப் பகுதியான பிரான்காச்சோவின் அடுக்குமாடி வீடுகளில் பிறந்து வளர்ந்தவள். கட்டையான, பலத்த குரலுள்ள பெண். மூன்று பேரும் இத்தாலிய மொழியில்தான் கதைத்துக்கொள்வோம். அவள் பேசுவது பாதி சிசிலிய மொழி. முதல் வருஷம் முழுக்க அவள் எப்போதும் யாரையோ ஏசுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது.

அந்த வசந்தத்தில் ஒருநாள் முதலாளி நாங்கள் உடுப்பு மாற்றும் அறைக்கு வந்தார். ஆஸ்பத்திரியின் நிலக்கீழ்த் தளத்தில், சலவை மூட்டைகளுக்கும் கொதிகலனுக்கும் இடையில் இருந்த அறை அது. தண்ணீர்க் குழாய் வெடித்து அறை நாறிக் கிடந்தபோதும் எட்டிப் பார்க்காதவர், அன்று கையில் இனிப்புத் தட்டோடு வந்து நின்றார். தட்டைப் பிரித்து ஒவ்வொருவரிடமாக நீட்டினார். எங்களில் பலருக்கு முப்பது தாண்டியிருந்தது. சிலர் பேரப்பிள்ளை கண்டவர்கள். எல்லாரையும் அவர் "பெண்பிள்ளைகளே" என்றுதான் கூப்பிடுவார்.

"பெண்பிள்ளைகளே, தேர்தல் வருகிறது" என்று தொடங்கினார். பிராந்திய அரசின் வேலைகளைக் கொந்தராத்து எடுக்கும் கொம்பனிகள், துப்புரவு, காவல், சாப்பாடு என்று எல்லாரும் சேர்ந்து ஒரு கொமித்தாத்தோ, அதாவது ஒரு தேர்தல் குழு, அமைத்திருக்கிறார்களாம். குழு ஒரு வேட்பாளருக்குப் பின்னால் நிற்கிறதாம். அவர் நல்லவராம், நண்பராம். அவர் சட்டசபைக்குள் போனால் எங்கள் கொந்தராத்து பத்திரம், கொந்தராத்து பத்திரமென்றால் எங்கள் சோறு பத்திரம். ஆகவே குழுவுக்கு எல்லாரும் தங்களால் ஆனதைக் கொடுக்க வேண்டும். அடுத்த சம்பளத்தில் ஒரு சிறு தொகை கழிக்கப்படும். இது முற்றிலும் விருப்பத்தைப் பொறுத்தது.

"விருப்பம் என்றால், வேண்டாம் என்றும் சொல்லலாமா?" என்று பிரான்காச்சோக்காரி கேட்டாள். அவள் வாயில் இன்னும் முதலாளியின் இனிப்பு இருந்தது.

முதலாளி சிரித்தார். "சொல்லலாமே. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. யார் குடும்பம், யார் குடும்பமில்லை என்று நானும் தெரிந்துகொள்வேன், அவ்வளவுதான்."

பிறகு இத்தாலியப் பெண்களிடம் வீட்டில் எத்தனை வாக்கு, எந்தப் பள்ளிக்கூடத்தில் வாக்குப் போடுவார்கள் என்று விசாரித்தார். எதற்காக அதைக் கேட்கிறார் என்று பிரான்காச்சோக்காரி பின்னால் எனக்கு விளக்கினாள். ஒவ்வொரு சாவடியின் வாக்கையும் தனித்தனியாகத்தான் எண்ணுவார்கள். சொன்ன சாவடியில் சொன்ன அளவு வாக்கு விழாவிட்டால் யார் ஏமாற்றியது என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

கடைசியாக எங்கள் பக்கம் திரும்பினார். தமிழ்ப் பெண்கள், மொரீஷியஸ் பெண்கள். அவர் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. "உங்களால் வாக்குப் போட முடியாது. ஆகவே நீங்கள் வேறு வழியில் கொஞ்சம் கூடுதலாக உதவலாம்."

அண்ணை அதைத் தமிழில் சொன்னார். "முதலாளி எங்களையும் தங்கட ஆக்கள் மாதிரித்தான் நினைக்கிறாராம். வாக்கு இல்லாட்டிலும் எங்கட உதவியை மதிப்பாராம்."

"அண்ணை, அவர் உப்பிடிச் சொல்லேல்லை" என்றேன்.

"தங்கச்சி, பேசாமல் இருங்கோ. பிறகு கதைப்பம்" என்றார், உதடு அசையாமல்.

பிறகு அவர் கதைக்கவேயில்லை. அந்த மாதச் சம்பளத்தில் இத்தாலியப் பெண்களுக்குக் கழித்ததைப் போல இரண்டு மடங்கு எங்களுக்குக் கழித்தார்கள்.

இதை யோசித்துப் பாருங்கள். வாக்கு உள்ளவளிடம் வாக்கையும் வாங்கிக் காசையும் வாங்கினார்கள். வாக்கில்லாதவளிடம், அவளிடம் வாக்கில்லை என்ற அந்தக் காரணத்துக்காகவே, கூடுதலாகக் காசு வாங்கினார்கள். அந்த நாட்டின் சட்டம் எங்களுக்குத் தராத ஒன்றுக்கு முதலாளி எங்களிடம் தண்டம் அறவிட்டார்.

சம்பளம் வாங்கிய அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் அப்போதுதான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, எலெக்சனுக்குக் காசு குடுத்திருக்கிறன்."

"ஆரின்ர எலெக்சனுக்கு?"

"இஞ்சத்தை எலெக்சனுக்கு. ஆரெண்டும் தெரியாது. முகத்தை மட்டும் காட்டினவை."

சம்பளத்தோடு தந்த அட்டையை நீட்டினேன். சாமி படம் அளவில் சின்ன அட்டை. கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்ட ஒரு மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். தேர்தல் காலத்தில் ஊர் முழுக்கக் கொட்டிக் கிடக்கும் இந்த அட்டைகளைப் பலெர்மோவில் 'சந்தீனி' என்பார்கள். தேவாலயத்தில் கொடுக்கும் புனிதர் படங்களுக்கும் அதே பெயர்தான். கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதை விட்டிடும்" என்றார். "உம்மட பெர்மெஸ்ஸோ ஆடியோட முடியுது. கொம்பனி வேலைக் கடிதம் தராட்டி க்வெஸ்தூராவிலை போய் என்னத்தைக் காட்டுறது?" பெர்மெஸ்ஸோ என்பது வதிவிட அனுமதி, க்வெஸ்தூரா அதைப் புதுப்பிக்கும் பொலிஸ் அலுவலகம்.

"அங்கை ஊரிலை வீடு வீடா வந்து நகை கேட்டவைக்கும் நீங்கள் உப்பிடித்தான் சொல்லிக் குடுத்தனீங்கள்."

"அங்கை துவக்கு வைச்சிருந்தவங்கள். குடுக்காமல் என்ன செய்யிறது?"

"அப்ப இஞ்சை எதுக்குப் பயப்பிடுறியள்? இஞ்சை ஆரிட்டைத் துவக்கு?"

அவர் மற்றச் சப்பாத்தையும் கழற்றி வைத்தார். "கடதாசிக்குப் பயப்பிடுறன்" என்றார். "அங்கை துவக்குக்குப் பயந்தன். இஞ்சை கடதாசிக்குப் பயப்பிடுறன். உமக்கும் எனக்கும் பிள்ளைக்கும் அந்தக் கடதாசி வேணும்."

அவர் சொன்னதில் பிழையில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அவரோடு சண்டை பிடிக்கக்கூட ஒரு நியாயம் கிடைக்கவில்லை. பானையை அடுப்பில் தூக்கி வைத்த சத்தத்தில் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த மகள் எழும்பி வந்து, "மம்மா, கே சுச்செதே?" என்று இத்தாலிய மொழியில் கேட்டாள். ஒன்றும் நடக்கவில்லை, போய்ப் படி என்றேன்.

தேர்தலுக்குச் சற்று முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொம்பனிக் குடும்பம் முழுவதற்கும் விருந்து என்று அண்ணை சொன்னார். நகரத்துக்கு வெளியே, எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு கலியாண மண்டபம். வேட்பாளரும் வருவார். "எங்கட காசிலை நடக்கிற சாப்பாடு, வடிவா உடுத்துக்கொண்டு வாங்கோ" என்றார். அவரும் அதை நம்பித்தான் சொன்னார். விருந்து நாளில் வானை ஓட்டி வந்தபோது அவர் கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டிருந்தார். நான் மாம்பழ நிறப் பட்டுச் சேலை உடுத்திருந்தேன். மொரீஷியஸ்காரியும் சேலைதான், வானுக்குள் அவளுடைய முந்தானையை நான்தான் குத்தூசியால் குத்திவிட்டேன்.

மண்டபத்தின் முன்வாசலில் இறங்கப் போனோம். ஒருவன் ஓடிவந்து வானைப் பின்பக்கம் கொண்டுபோகச் சொன்னான். பின்பக்கம் சமையலறை. அங்கே மேசையில் வெள்ளை ஏப்ரன்கள் மடித்து அடுக்கியிருந்தன. சாப்பாட்டுக் கொம்பனி சாப்பாட்டை நன்கொடையாகக் கொடுத்திருந்தது. காவல் கொம்பனி வாசலில் நிற்க ஆட்களைக் கொடுத்திருந்தது. எங்கள் முதலாளியின் நன்கொடை நாங்கள்.

பட்டுச் சேலைக்கு மேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பாஸ்தாத் தட்டுகளைத் தூக்கினேன். யன்னலால் பார்த்தபோது அண்ணை கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வெயிலில் நின்று, வருகிற கார்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சாப்பாடு பாதியில் இருக்கும்போது வேட்பாளர் எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். சிசிலியின் எதிர்காலம், இளைஞர்களுக்கு வேலை, நேர்மை என்றெல்லாம் பேசினார். பிறகு தனக்குத் துணை நிற்கும் தொழிலதிபர்களுக்கு நன்றி சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு பெயராகச் சொல்ல, ஒவ்வொரு முதலாளியாக எழுந்து நின்றார்கள். சபை கை தட்டியது. எங்கள் முதலாளியின் முறை வந்தது. "தன் சொந்தச் சட்டைப்பையிலிருந்து இவ்வளவு தாராளமாகக் கொடுத்த நண்பர்" என்றார் வேட்பாளர். முதலாளி எழுந்து, நெஞ்சில் கையை வைத்து, தலையைத் தாழ்த்தினார்.

எனக்குப் பக்கத்தில் தட்டோடு நின்ற பிரான்காச்சோக்காரி சிசிலிய மொழியில் ஒரு வார்த்தை சொன்னாள். அதை நான் இங்கே எழுத முடியாது.

பேச்சு முடிந்ததும் வேட்பாளர் மேசை மேசையாகக் கை கொடுத்துக்கொண்டு வந்தார். பின்னால் ஒரு படப்பிடிப்பாளன். எங்கள் சேலைகளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "ஆ, புதிய பலெர்மோவாசிகள்! வாருங்கள், வாருங்கள், ஒரு படம் எடுப்போம்." மொரீஷியஸ்காரியை ஒரு பக்கமும் என்னை ஒரு பக்கமும் நிறுத்தி, என் தோளில் கையைப் போட்டார். படப்பிடிப்பாளன் எங்களை ஏப்ரனைக் கழற்றச் சொன்னான். சேலை வடிவாகத் தெரிய வேண்டுமாம்.

"எந்த ஊர்? பிலிப்பைன்சா?" என்று வேட்பாளர் கேட்டார்.

நான் அவருடைய கைக்குக் கீழிருந்து விலகினேன். ஏப்ரனைக் கழற்றவில்லை. என் இத்தாலிய மொழி அன்றைக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வழக்கமாக வினைச்சொல்லைத் தேடித் தடுமாறுகிறவள் ஒரு தடவையும் தடக்குப்படாமல் சொன்னேன். "நீங்கள் நன்றி சொன்ன அந்தக் காசு அவருடைய சட்டைப்பையிலிருந்து வரவில்லை. எங்கள் சம்பளத்தில் கழித்த காசு. எங்களிடம் யாரும் கேட்கவில்லை."

அந்த மேசையில் பேச்சு நின்றது. கரண்டிகள் நின்றன. முதலாளியின் முகம் வெளிறியதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு கணம், உண்மையில் ஒரு கணம், ஏதோ நடக்கப்போகிறது என்று நினைத்தேன்.

வேட்பாளர் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் அகல விரித்து, மண்டபம் முழுவதற்கும் கேட்கும்படி, "அப்படியானால் உங்களுக்கும் என் நன்றி, அம்மணி! கேட்டீர்களா? இந்தப் பெண்கள்கூடத் தங்கள் உழைப்பிலிருந்து நமக்குக் கொடுத்திருக்கிறார்கள். இவர்களுக்கு ஒரு கைதட்டல்!" என்றார்.

கை தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். கலியாணத்துக்குப் போல உடுத்திருந்த பெண்மணிகள் என்னைப் பார்த்துக் கண் கலங்கச் சிரித்தார்கள். முதலாளியும் தட்டினார், அவருக்கு நிறம் திரும்பியிருந்தது. படப்பிடிப்பாளன் படம் எடுத்தான்.

என்னை அடித்திருந்தால், வெளியே தள்ளியிருந்தால், அது எனக்குப் பழக்கமான ஒன்றாக இருந்திருக்கும். நான் சொன்ன குற்றச்சாட்டையே எடுத்து எனக்கு மாலையாகப் போட்டுவிட்டார்கள். அந்தக் கைதட்டலை நான் மன்னிக்கவில்லை. வாழ்க்கையில் பல பேரை மன்னித்திருக்கிறேன்.

சமையலறைக்குள் வந்ததும் மொரீஷியஸ்காரி என்மேல் பாய்ந்தாள். "உனக்குப் பைத்தியமா? எனக்கு இரண்டு பிள்ளைகள். நானும் அந்தப் படத்தில் நின்றேன். நாளைக்கு என்னையும் சேர்த்துத்தான் வெளியே போடுவார்கள்."

அவளை வெளியே போடவில்லை. அடுத்த நாள் காலையில் அண்ணை என்னை மட்டும் வானில் ஏற விடாமல் தள்ளிக் கூட்டிப்போனார்.

"தங்கச்சி, உங்களுக்கு இடம் மாத்தியிருக்கினம். பிரான்காச்சோவிலை ஒரு ஸ்டோர். இனி வான் வராது, பஸ்ஸிலை போங்கோ. மணித்தியாலமும் பாதிதான்."

"ஆர் மாத்தினது?"

"எனக்கு என்ன தெரியும்? சொல்லச் சொன்னதைச் சொல்லுறன்." வான் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் சொல்லியிருக்கக்கூடாது. நானும் அண்டைக்கு வெயிலுக்கை நிண்டனான்தானே? நான் வாய் திறந்தனானோ?"

அந்த ஸ்டோரில் ஆஸ்பத்திரிக்கு வாங்கிய கிருமிநாசினி வாளிகளும் உடைந்த கட்டில்களும் அடைந்து கிடந்தன. துடைத்த தரையை மறுநாளும் துடைக்க வேண்டும். அங்கே யாரும் நடப்பதில்லை. சுற்றிலும் இரும்புப் பட்டறைகள். பகல் முழுக்கத் தகரத்தைத் தட்டும் சத்தம். பிரான்காச்சோக்காரி தன் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு சின்னப் போத்தலில் கோப்பி கொண்டுவந்து தருவாள். கவிழ்த்த வாளிகள்மேல் குந்தியிருந்து குடிப்போம்.

தேர்தல் முடிந்த கிழமை அவளிடம், "நீ யாருக்குப் போட்டாய்?" என்று கேட்டேன்.

"அவனுக்குத்தான்" என்றாள். "நான், புருஷன், அம்மா, தம்பி, எல்லாரும். என்னைப் பார்க்காதே அப்படி. தம்பிக்கு ஆஸ்பத்திரியில் வேலை எடுத்துத் தருவதாகச் சொன்னார்கள். வேலை வந்தால் அவன் கலியாணம் செய்வான்."

வேட்பாளர் வென்றார். மதில்களில் அவர் முகத்துக்கு மேல் நன்றி என்று எழுதிய காகிதங்களை ஒட்டினார்கள். இனி எல்லாரும் அவரை 'ஒனொரேவொலே', மாண்புமிகு, என்று கூப்பிட வேண்டும். பிரான்காச்சோக்காரியின் தம்பிக்கு வேலை வரவில்லை.

மழைக்காலம் தொடங்கும்போது ஆஸ்பத்திரிக் கொந்தராத்து மறுபடியும் எங்கள் முதலாளிக்கே கிடைத்தது. கொமித்தாத்தோ சொன்னதைச் செய்துவிட்டது. ஆனால் புதிய கொந்தராத்தில் மாடிகள் அதே மாடிகள், மணித்தியாலங்கள் குறைவு. இரண்டு பேர் துடைத்த விறாந்தையை இனி ஒருத்தி துடைக்க வேண்டும். சம்பளமும் அதற்கேற்றபடி குறையும். எங்கள் சோறு பத்திரமாக இருக்கவென்று எங்களிடம் வாங்கிய காசில் எங்கள் சோற்றையே பாதியாக்கினார்கள். என் வயிறு எரிந்தது என்று சொன்னால் அது வெறும் பேச்சல்ல. அந்த மாதம் நான் உண்மையில் வயிற்று எரிவுக்கு மருந்து எடுத்தேன்.

ஒருநாள் மொரீஷியஸ்காரி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். விருந்துக்குப் பிறகு அவள் என்னோடு கதைக்காமலே இருந்தாள். உள்ளே வந்து கதிரையில் இருந்தாள்.

"என்னுடைய நேரத்தையும் பாதியாக்கிவிட்டார்கள். நான் வாயே திறக்கவில்லையே" என்று அழுதாள்.

அடுத்த நாள் பிரான்காச்சோக்காரியையும் சேர்த்து மூன்று பேருமாக ஒனொரேவொலேயின் அலுவலகத்துக்குப் போனோம். அதுவும் வியா மக்வேதாவில்தான், செருப்புக் கடை ஒன்றுக்கு மேலே. காத்திருக்கும் அறை நிறையச் சனம். ஓய்வூதியம் வராத கிழவிகள், வேலை தேடும் மகன்களோடு வந்த தகப்பன்மார், கையில் எலுமிச்சைப் பழக் கூடையோடு ஒரு விவசாயி. தேவாலயத்தில் பாவமன்னிப்புக்குக் காத்திருப்பதைப் போலச் சத்தமில்லாமல் இருந்தார்கள். அவர்கள் கேட்க வந்ததெல்லாம் அவர்களுக்குச் சேர வேண்டியதுதான். அதை அவர் தன் வீட்டுச் சாமான் போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பார். அவர்கள் கூடையோடு வந்து நன்றி சொல்வார்கள்.

உள்ளே போனதும் பிரான்காச்சோக்காரி விஷயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "கொம்பனியின் உள்விவகாரங்கள் எனக்குத் தெரியாது. எனக்கு வந்தது தொழிலதிபர்களின் நன்கொடை, எல்லாம் முறைப்படி. மணித்தியாலக் குறைப்பு செலவைக் கட்டுப்படுத்துவதற்காக. எல்லாரும் தியாகம் செய்ய வேண்டிய காலம் இது."

பிறகு என் பக்கம் திரும்பினார். என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. "அம்மணி, உங்களுக்குப் பெர்மெஸ்ஸோ ஏதாவது சிக்கலா? கணவருக்கு வேலை வேண்டுமா? எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். என் செயலாளரிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்."

ஆடியில் க்வெஸ்தூராவுக்கு முன்னால் வரிசையில் நின்று வாங்கிய பெர்மெஸ்ஸோ என் கைப்பையில் இருந்தது. இல்லாதிருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. அன்று சொன்னேன். "எனக்கு உங்கள் உதவி வேண்டாம். என் மணித்தியாலங்கள் வேண்டும்."

அவர் மணியை அழுத்தி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அங்கிருந்து நேரே ஸ்தாசியோனேக்குப் பக்கத்தில் இருந்த தொழிற்சங்க அலுவலகத்துக்கு நடந்தோம். மூன்று பேருக்கும் கோபத்தில் நடை வேகமாக இருந்தது. மழை தூறியதை மாடிப்படி ஏறும்போதுதான் கவனித்தேன். சங்கத்து ஆள் களைத்துப்போன மனிதர், சிகரெட்டுக்கு மேல் சிகரெட். நாங்கள் சொன்னதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். தொழிலாளி சம்மதம் இல்லாமல் சம்பளத்தில் கைவைக்க யாருக்கும் உரிமையில்லை, வழக்கு வைக்கலாம், ஆனால் ஆட்கள் அதிகமாக இருந்தால் நல்லது என்றார்.

தமிழ்ப் பெண்களிடம் நானே போய்ப் பேசினேன். ஒருவரும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் சொன்னதெல்லாம் என் கணவர் சொன்னதுதான். அண்ணை மட்டும், "அவையளைக் கெடுக்காதேங்கோ தங்கச்சி" என்று கோபித்தார். அவர்களைக் கெடுத்தது யார் என்று திருப்பிக் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

கடைசியில் மூன்று பேர்தான். வழக்கு மன்றம் வரை போகவில்லை. ஒரு காலையில் சமரசம் பேச எங்களைக் கூப்பிட்டார்கள். முதலாளியின் வழக்கறிஞர், கழிக்கப்பட்டது கணக்காளரின் தவறு என்றும், முதலாளிக்கு அது தெரியாது என்றும், எங்கள் மூன்று பேருக்கும் அந்தக் காசைத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். இனிப்புத் தட்டோடு நிலக்கீழ்த் தளத்துக்கு இறங்கி வந்தவருக்குத் தெரியாதாம்.

"மற்றப் பெண்கள்?" என்று கேட்டேன்.

"அவர்கள் முறையிடவில்லையே."

"மணித்தியாலம்?"

"அது பிராந்திய அரசு போட்ட கொந்தராத்து. அதைக் கொம்பனி மாற்ற முடியாது."

பிரான்காச்சோக்காரி மேசையை உள்ளங்கையால் அடித்தாள். கண்ணாடிக் குவளை விழுந்து உருண்டது. சங்கத்து ஆள் அவளுடைய தோளைப் பிடித்து, "வாங்கிக்கொள். இதற்கு மேல் இவர்களிடமிருந்து வராது" என்றார். வாங்கிக்கொண்டோம்.

எழுந்தபோது முதலாளி மேசையைச் சுற்றி வந்து என்னிடம் கையை நீட்டினார். "மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளக்கூடாது, சரியா?"

"வைத்திருக்கிறேன்" என்றேன். நீட்டிய கையை அவர் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கொஞ்ச மாதத்தில் நான் அந்த வேலையை விட்டு, இரண்டு மூன்று சிஞ்ஞோராக்களின், அதாவது வசதியான சீமாட்டிகளின், வீடுகளில் வேலை பிடித்தேன். மொரீஷியஸ்காரி குடும்பத்தோடு வடக்கே போய்விட்டாள். பிரான்காச்சோக்காரி அங்கேயே இருந்தாள். வேறு எங்கே போவது, இது என் ஊர் என்றாள்.

எங்களுக்குக் காசு திரும்பியது மெல்ல மெல்ல வெளியே தெரிந்தது. ஒருநாள் பின்னேரம், அப்போது வர மறுத்த தமிழ்ப் பெண்களில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். தேத்தண்ணி குடித்து முடியும்வரை வந்த காரியத்தைச் சொல்லக் கூச்சப்பட்டார்கள். அவர்களைச் சங்கத்துக்குக் கூட்டிப்போனேன். அதே ஆள், அதே சிகரெட். எங்கோ தொலைபேசி எடுத்துப் பேசிவிட்டு வந்தார். முதலாளி அந்தக் கொம்பனியை மூடிவிட்டாராம். அதே ஆஸ்பத்திரியை, அதே பெண்களை வைத்து, வேறு பெயரில் ஒரு கொம்பனி சுத்தம் செய்கிறதாம். பழைய கொம்பனி சட்டப்படி இப்போது இல்லை. இல்லாத ஒன்றிடம் காசு கேட்க முடியாது.

படியிறங்கும்போது ஒருத்தி என் கையைப் பிடித்தாள். "அப்ப எங்கட காசு ஆரிட்டை இருக்கு அக்கா?"

"சட்டசபையிலை இருக்கு. கோட்டுப் போட்டுக்கொண்டு இருக்கு" என்றேன்.

அவள் கையை விட்டாள். மூன்று பேருமாகப் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தோம். அடுத்த நாள் விடிய அவர்களுக்கு வேலை இருந்தது.